சீசனை விற்றீர்கள், கடைசி வினாடிகளைக் கொடுக்கவில்லை

பெறுநர்
மேலாளர் அவர்கள்,
வாடிக்கையாளர் குறைதீர்ப்புப் பிரிவு.

பொருள்: 2024–25 கூடைப்பந்து சீசன் சந்தா – ஆட்டப் பதிவு பாதியில் நின்றது, முடிவை முன்கூட்டியே வெளியிட்டது, கேட்காமல் சந்தாவைப் புதுப்பித்தது – பணம் திரும்பக் கோருதல் தொடர்பாக.

ஐயா / அம்மையீர்,

வணக்கம். 2024 அக்டோபரில் உங்கள் ஆப்பில் ஒரு வருடச் சந்தாவை முழுதாக முன்பணம் கட்டி எடுத்தேன். எல்லா அணிகளுக்குமான பெரிய திட்டம் அல்ல, ஒரே ஓர் அணியின் ஆட்டங்களை மட்டும் பார்க்கும் திட்டம். அணி, அமெரிக்காவின் என்.பி.ஏ. கூடைப்பந்து லீக்கில் ஆடும் இண்டியானா பேசர்ஸ்.

இதே விஷயமாக உங்கள் உதவிப் பக்கத்தில் மூன்று தடவை எழுதிவிட்டேன். மூன்று தடவையும் இணைய வேகத்தைச் சோதித்துப் பார்க்கச் சொல்லி அச்சுப் பிசகாமல் ஒரே பதில். மூன்று தடவையும் “உங்கள் பிரச்சினை தீர்ந்தது” என்று நீங்களே முடிவு செய்து மூடிவிட்டீர்கள். என் இணையத்துக்கு ஒரு குறையும் இல்லை. அதனால்தான் இதைக் கடிதமாக எழுதி அனுப்புகிறேன். கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்கொண்டு படியுங்கள்.

முதலில் உங்களுக்குச் சேர வேண்டிய பாராட்டைச் சொல்லிவிடுகிறேன். சீசன் தொடக்கத்தில் பேசர்ஸ் படு மோசம். முதல் 25 ஆட்டங்களில் 10 வெற்றி, 15 தோல்வி. அந்தப் பதினைந்து தோல்விகளையும் உங்கள் ஆப் துளிகூடத் தடங்கல் இல்லாமல், பளிச்சென்று காட்டியது. அதற்குப் பிறகு அணி நிமிர்ந்துகொண்டது. மிச்சமிருந்த 57 ஆட்டங்களில் 40-ஐ ஜெயித்து, 50–32 என்ற கணக்கோடு கிழக்குப் பிரிவில் நான்காம் இடம் பிடித்து, கோப்பைக்கான பிளேஆஃப் சுற்றுக்குள் போனது. உங்கள் சேவை சறுக்க ஆரம்பித்ததும் அங்கேதான். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதை.

இந்தக் கடிதத்தைப் படிப்பவர் கூடைப்பந்து பார்ப்பவரா என்று எனக்குத் தெரியாது. பார்க்காதவர் என்றால் ஒன்றை மட்டும் சொல்லிவிட வேண்டும். கணக்குப்படி ஓர் ஆட்டம் 48 நிமிடம், பன்னிரண்டு பன்னிரண்டாக நான்கு குவார்ட்டர். ஆனால் விசில் ஊதினால் கடிகாரம் நின்றுவிடும். கடைசி ஒரு நிமிடம் முடியப் பத்து நிமிடம் ஆவதெல்லாம் சாதாரணம். பின்தங்கியிருக்கும் அணி வேண்டுமென்றே ஃபவுல் செய்து கடிகாரத்தை நிறுத்தும், எதிராளியை ஃப்ரீ த்ரோ (யாரும் தடுக்காமல் நின்று எறிவது) போடவைக்கும், அவன் தவறவிட்டால் ஓடிப்போய்த் தூரத்திலிருந்து மூன்று புள்ளிக்கு எறியும். ஏழு புள்ளி வித்தியாசம், நாற்பது வினாடி பாக்கி என்றால் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது தடவை ஆட்டம் முடிந்துபோன மாதிரிதான். பாக்கி அந்த ஒரு தடவைக்காகத்தான் எங்களைப் போன்றவர்கள் எழுந்து போகாமல் உட்கார்ந்திருக்கிறோம். 2025 வசந்தத்தில் பேசர்ஸ் அந்த ஒரு தடவையைத் திரும்பத் திரும்பச் செய்தது. அதாவது, இந்த அணியின் இந்த சீசனில் கடைசி வினாடிகளை எடுத்துவிட்டால் விற்பதற்கு உங்களிடம் வேறு எதுவும் இல்லை.

இனி நடந்ததைச் சொல்கிறேன்.

ஏப்ரல் 29, பிளேஆஃப் முதல் சுற்றில் மில்வாக்கி பக்ஸ் அணியோடு ஐந்தாவது ஆட்டம். ஒரே அணியோடு தொடராக ஆடி, முதலில் நான்கு ஆட்டம் ஜெயிப்பவர் மேலே போவார். ஜெயித்தால் பேசர்ஸ் அடுத்த சுற்றுக்குப் போய்விடும். நேரடியாக ஒளிபரப்பாகும்போது எனக்கு வேலை நேரம். எனவே போனைத் தொடாமல், செய்தி பார்க்காமல், பக்கத்து இருக்கைக்காரர் விளையாட்டைப் பற்றி வாயைத் திறந்தால் எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு, மாலையில் வீட்டுக்கு வந்து பதிவைப் போட்டேன். என் அப்பாவும் கூட உட்கார்ந்தார். ஓய்வு பெற்ற மனிதர். என்னால்தான் இந்த விளையாட்டுக்குள் வந்தவர், இப்போது என்னைவிட ஆர்வம். நான்காவது குவார்ட்டர் சமநிலையில் முடிந்தது. ஓவர்டைம், இன்னும் ஐந்து நிமிடம். அப்பா நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். திரை கறுத்தது. “உங்களுக்குப் பிடித்தமானவை” என்று ஒரு கோல்ஃப் நிகழ்ச்சி வந்து நின்றது.

திரும்பப் போட்டுப் பார்த்தேன். வேறு கருவியில் பார்த்தேன். மறுநாளும் பார்த்தேன். பதிவு அவ்வளவுதான். பக்கத்தின் தலைப்பில் “முழு ஆட்டம்” என்று மட்டும் பெரிதாக எழுதியிருந்தது.

அந்த ஐந்து நிமிடத்தில் என்ன நடந்தது என்று பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். கடைசி நிமிடத்துக்குள் பக்ஸ் 118–111 என்று முன்னால் இருந்திருக்கிறது. அதற்குப் பிறகு விழுந்த எட்டுப் புள்ளிகளும் பேசர்ஸுக்கு. ஒரு வினாடிக்குச் சற்று மேல் பாக்கியிருக்கும்போது பேசர்ஸின் டைரீஸ் ஹாலிபர்ட்டன் உள்ளே புகுந்து பந்தைக் கூடைக்குள் இட்டிருக்கிறார். 119–118. தொடர் முடிந்தது. இதை நான் எழுத்தில் படித்தேன். இதைப் படிக்கச் சந்தா தேவையில்லை.

அடுத்த சுற்றில் கிளீவ்லேண்ட் கவலியர்ஸ். லீக் ஆட்டங்களில் 64 வெற்றி பெற்று கிழக்கில் முதலிடம் பிடித்த அணி. மே 6, இரண்டாவது ஆட்டம். உங்கள் ஆப்பில் “ஸ்கோரை மறை” என்று ஒரு பொத்தான் இருக்கிறது. சந்தா எடுத்த நாளிலிருந்து அதை நான் அணைத்ததே இல்லை. அன்றும் ஸ்கோர் மறைந்துதான் இருந்தது, அதில் குற்றம் சொல்ல மாட்டேன். ஆனால் ஆட்டத்தின் முகப்புப் படத்தில் பேசர்ஸ் வீரர்கள் ஒருவர் மேல் ஒருவர் விழுந்து குதித்துக்கொண்டிருந்தார்கள். கீழே “நம்பமுடியாத முடிவு!” என்று ஒரு வரி வேறு. எண்ணை மறைத்துவிட்டு படத்தைக் காட்டுவது முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது போல இருக்கிறது. ஹாலிபர்ட்டன் ஃப்ரீ த்ரோவைத் தவறவிட்டார், திரும்பி வந்த பந்தைத் தானே பாய்ந்து எடுத்தார், பின்னால் நகர்ந்து 1.1 வினாடி பாக்கியில் மூன்று புள்ளி போட்டார், 120–119. அந்த ஃப்ரீ த்ரோ வளையத்தில் பட்டு வெளியே வந்தபோது எனக்கு வயிற்றைப் பிசைந்திருக்க வேண்டும். பிசையவில்லை. யார் குதிக்கப்போகிறார்கள் என்று உங்கள் படம் முன்பே சொல்லிவிட்டதே.

மூன்றாவது விஷயம் கொஞ்சம் நுட்பமானது. உங்கள் தொழில்நுட்பப் பிரிவில் யாராவது இதைப் படிப்பார்கள் என்ற நம்பிக்கையில் விவரமாக எழுதுகிறேன். மே 21, அதற்கடுத்த சுற்றில் நியூயார்க் நிக்ஸ் அணியோடு, அவர்களின் அரங்கமான மேடிசன் ஸ்கொயர் கார்டனில் முதல் ஆட்டம். இந்தத் தடவை பதிவு முழுதாக இருந்தது, நன்றி. ஆனால் திரையின் அடியில் ஓடும் பட்டையில் மொத்த நீளமும் மிச்ச நேரமும் தெரிகிறது. வழக்கமான ஆட்டத்தைவிட அரை மணிக்கும் மேல் நீளம். மூன்று நிமிடத்துக்கும் குறைவான ஆட்ட நேரம் பாக்கி, நிக்ஸ் பதினான்கு புள்ளி முன்னால். அரங்கம் கொண்டாட ஆரம்பித்துவிட்டது. பட்டையைப் பார்த்தால் இன்னும் எவ்வளவோ கிடக்கிறது. ஓவர்டைம் வரப்போகிறது என்பதற்கு இதைவிடத் தண்டோரா வேண்டுமா? பேசர்ஸின் ஆரன் நெஸ்மித் ஒன்றன்பின் ஒன்றாக மூன்று புள்ளிக் கூடைகளைப் போட்டுக்கொண்டே போனார். அந்த ஒரு குவார்ட்டரில் மட்டும் ஆறு. எனக்கு அது ஆச்சரியமாகவே இல்லை, வரவேண்டிய பஸ் வருவதைப் பார்ப்பது போல இருந்தது.

கடைசியில் ஹாலிபர்ட்டன் எறிந்த பந்து வளையத்தின் பின்பக்கத்தில் பட்டு, பலகைக்கு மேலே எழும்பி, நேராக உள்ளே விழுந்தது. ஜெயித்துவிட்டோம் என்று அவர் ஓடினார், தன் கழுத்தைத் தானே பிடித்துக் காட்டினார். 1994-இல் இதே அரங்கத்தில், இதே நிக்ஸ் அணிக்கு எதிராக பேசர்ஸின் ரெஜி மில்லர் காட்டிய அதே சைகை, ‘பயத்தில் திணறிப்போனீர்கள்’ என்று கேலி செய்வது. மில்லரும் அன்று வர்ணனையாளராக அங்கேயே இருந்தார். பிறகுதான் தெரிந்தது, ஹாலிபர்ட்டனின் கால் மூன்று புள்ளிக் கோட்டில் பட்டிருக்கிறது, மூன்று அல்ல, இரண்டு புள்ளிதான், 125–125. அரங்கம் முழுக்க ஏமாந்தது. அப்பா ஏமாந்தார். எறிந்த ஹாலிபர்ட்டனே ஏமாந்தார். நான் மட்டும் ஏமாறவில்லை, ஏனென்றால் பட்டையில் இன்னும் மிச்சம் இருந்தது. அப்படி ஏமாறுவதற்குத்தானே ஐயா நான் பணம் கட்டியது? (ஓவர்டைமில் 138–135 என்று ஜெயித்தார்கள். சந்தோஷம்தான். ஆனாலும்.)

பதிவுதானே பிரச்சினை, நேரடியாகவே பார்த்துவிடுவோம் என்று இறுதிச் சுற்றுக்கு விடுப்பு எடுத்தேன். ஜூன் 5, ஓக்லஹோமா சிட்டி தண்டர் அணியின் சொந்த அரங்கம். லீக்கில் 68 வெற்றி பெற்ற அணி அது. பேசர்ஸ் முதல் பாதியில் மட்டும் 19 தடவை பந்தைப் பறிகொடுத்தது. நான்காவது குவார்ட்டரில் ஒரு கட்டத்தில் 15 புள்ளி பின்னால். அதுவரை ஒரு வினாடிகூட முன்னிலை இல்லை. மெல்ல மெல்ல நெருங்கி, ஒரு புள்ளி வித்தியாசத்துக்கு வந்தார்கள். என் திரையில் தண்டரின் ஷாய் கில்ஜஸ்-அலெக்சாண்டர் பந்தைத் தட்டிக்கொண்டு நின்றார். அந்த சீசனின் மிகச் சிறந்த வீரர் விருது பெற்றவர். அவர் எறிந்தால் விழுமா விழாதா என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்க்கிறேன்.

மேசையில் இருந்த போன் அதிர்ந்தது. குனிந்து பார்த்துவிட்டேன், பழக்கதோஷம். உங்கள் ஆப்தான். “பேசர்ஸ் 111, தண்டர் 110. ஆட்டம் முடிந்தது.”

போனைக் கவிழ்த்து வைத்தேன். அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். “ஏன்டா கவுத்து வைக்கிற? முடிஞ்சிருச்சா?” என்றார். இல்லப்பா, பாருங்க என்றேன். திரையில் கில்ஜஸ்-அலெக்சாண்டர் அப்போதுதான் எறிந்து தவறவிட்டார். ஹாலிபர்ட்டன் பந்தோடு ஓடிவந்து, நின்று, எழும்பி, 0.3 வினாடி பாக்கியில் போட்டார். அந்த ஆட்டத்தில் பேசர்ஸ் முன்னிலை பெற்ற ஒரே தருணம் அது. அப்பா கத்தவில்லை. என் முகத்தைப் பார்த்தே அவருக்குத் தெரிந்துவிட்டது.

உங்கள் ஒளிபரப்பு நிஜ நேரத்துக்கு அரை நிமிடத்துக்கு மேல் பின்தங்கி வருகிறது, உங்கள் அறிவிப்பு மட்டும் உடனே வருகிறது. இணையவழி ஒளிபரப்பில் கொஞ்சம் தாமதம் தவிர்க்க முடியாது என்பது எனக்கும் தெரியும். படத்தைத் துண்டு துண்டாக்கி, சேமித்து, அனுப்ப நேரம் ஆகத்தான் செய்யும். அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் எந்தத் திரையில் எந்த ஆட்டத்தை நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்பது உங்களுக்குத் தெரியும், ஸ்கோரை மறைக்கச் சொல்லியிருக்கிறேன் என்பதும் தெரியும். இதைக் கேட்டதற்கு உங்கள் ஊழியர் தந்த பதில், “ஸ்கோரை மறை வசதி ஆப்பின் உள்பக்கங்களுக்கு மட்டுமே பொருந்தும், அறிவிப்புகளை வேறொரு குழு கவனிக்கிறது” என்பது. பணம் எடுக்கும்போது மட்டும் எல்லாக் குழுவும் ஒன்றாகத்தான் இருக்கிறீர்கள்.

ஜூன் 22, ஏழாவது ஆட்டம். அன்றைக்கு உங்கள் ஒளிபரப்பில் ஒரு குறையும் இல்லை. முதல் குவார்ட்டரிலேயே ஹாலிபர்ட்டனின் குதிகால் தசைநாண் அறுந்தது. அவர் தரையில் விழுந்து, உள்ளங்கையால் தரையை அறைந்து அறைந்து அழுததைத் தெள்ளத் தெளிவாக, நான்கைந்து கோணத்தில் பார்த்தோம். 103–91 என்று தண்டர் கோப்பையை வென்றது. உங்கள் ஒளிபரப்பு, ஓடாமல் நின்றிருக்க வேண்டிய நாளில் ஓடியது.

இப்போது 2025 ஜூலை. அடுத்த சீசன் முழுக்க ஹாலிபர்ட்டன் ஆடமாட்டார் என்று அணி அறிவித்துவிட்டது. பத்து வருடம் பேசர்ஸின் சென்டராக (கூடைக்குப் பக்கத்தில் நிற்கும் வீரராக) ஆடிய மைல்ஸ் டர்னர் பக்ஸ் அணிக்குப் போய்விட்டார். என் புகார்களுக்குச் சமாதானமாக நீங்கள் அனுப்பியது, அந்த அடுத்த சீசனுக்கு 10 சதவீதத் தள்ளுபடிக் கூப்பன். அதைத் திறந்துகூடப் பார்க்காத நிலையில், முழுத் தொகையையும் என் கார்டிலிருந்து எடுத்து சந்தாவைப் புதுப்பித்துவிட்டதாகச் செய்தி வந்தது. தள்ளுபடியும் இல்லை, கேள்வியும் இல்லை.

ஆகவே, நான் ஒப்புதல் தராத அந்தப் புதுப்பிப்பை ரத்துசெய்து, எடுத்த தொகை முழுவதையும் அதே கார்டுக்குத் திருப்ப வேண்டும். முடிந்த சீசனின் சந்தாவில் பிளேஆஃப் மாதங்களுக்கான பங்கையும் திருப்பித் தர வேண்டும். கூப்பனாக வேண்டாம், பணமாக வேண்டும். பதினைந்து நாளில் பதில் வராவிட்டால் கார்டு கொடுத்த வங்கியில் இந்தக் கட்டணத்தை மறுத்து எழுதிக் கொடுப்பேன், நுகர்வோர் குறைதீர் மன்றத்துக்கும் போவேன். தேதிவாரியாக எடுத்த ஸ்கிரீன்ஷாட்டுகளையும் உங்கள் மூன்று பதில்களின் நகலையும் இணைத்திருக்கிறேன்.

முகப்புப் படத்தையும் நீளம் காட்டும் பட்டையையும் அறிவிப்பையும் சரிசெய்வது உங்கள் விருப்பம். எனக்கு இல்லாவிட்டாலும் மற்ற சந்தாதாரர்களுக்கு உதவும்.

இன்னொன்று. ஏப்ரல் 29 ஆட்டத்தின் ஓவர்டைம் ஐந்து நிமிடம் உங்களிடம் எங்காவது இருக்கும். கடைசிக் கூடையை மட்டும் வெட்டியெடுத்த துண்டுக் காட்சிகள் வெளியே நிறையக் கிடக்கின்றன, அவை வேண்டாம். முழுதாக அந்த ஐந்து நிமிடம் வேண்டும். அப்பா இன்னும் அதைப் பார்க்கவில்லை. யார் ஜெயித்தார்கள் என்பது தெரியும், எப்படி என்பதை மட்டும் யாரும் சொல்லக் கூடாது என்று வைத்திருக்கிறார்.

இப்படிக்கு,
உங்கள் சந்தாதாரர்
(கணக்கு விவரம் தனித்தாளில் இணைக்கப்பட்டுள்ளது)