'ரோஜர்' மட்டும் போதாது

ஆசிரியருக்கு,

1977 மார்ச் 27 அன்று ஸ்பெயினின் டெனெரீஃப் தீவில் நெதர்லாந்தின் கேஎல்எம், அமெரிக்காவின் பான் ஆம் நிறுவனங்களின் இரண்டு போயிங் 747 விமானங்கள் ஓடுபாதையில் மோதி 583 பேர் இறந்தனர். "காத்திருங்கள்" என்ற கட்டுப்பாட்டுக் கோபுரத்தின் குரலும், தாங்கள் இன்னும் ஓடுபாதையில்தான் இருக்கிறோம் என்ற பான் ஆம் விமானியின் குரலும் ஒரே நேரத்தில் ஒலிபரப்பாகின. புறப்பட ஓடத் தொடங்கியிருந்த கேஎல்எம் விமானத்தின் விமானியறையில் கீச்சொலிதான் மிஞ்சியது.

அந்த ஆபத்து இன்னும் தீரவில்லை. ஒரே வானொலி அலைவரிசையில் இருவர் ஒரே நேரத்தில் பேசினால் இரண்டும் சிதையும். பேசும் பொத்தானை அழுத்தியிருப்பவருக்கு அது தெரியவே தெரியாது. அதனால்தான் கட்டுப்பாட்டாளர் சொல்லும் ஓடுபாதை எண், உயரம், திசை, உயரமானியில் வைக்க வேண்டிய காற்றழுத்த அளவு ஆகியவற்றை விமானி திருப்பிச் சொல்ல வேண்டும் என்ற விதி இருக்கிறது. பதிலாக வெறும் 'ரோஜர்' என்று சொன்னால் செய்தி வந்தது என்று மட்டுமே பொருள்.

ஆனால் நெரிசல் நேரத்தில் நழுவுவது பெரும்பாலும் அடுத்த படி: திருப்பிச் சொன்னதைக் கட்டுப்பாட்டாளர் காதுகொடுத்துக் கேட்பது. தவறாகச் சொன்ன உயரத்துக்கு அவர் மௌனம் காத்தால், விமானி அதை ஒப்புதலாகவே எடுத்துக்கொள்வார். ஒரே அழைப்பில் நான்கைந்து உத்தரவுகளை அடுக்காமல், நிமிடத்துக்கு 100 சொற்களுக்கு மிகாமல் பேசினாலே இந்தப் பிழை குறையும். பதிவான உரையாடல்களை, விபத்து நடக்கும்வரை காத்திராமல், மாதந்தோறும் கேட்டுச் சரிபார்க்க விமான நிலையங்கள் முன்வர வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்