முத்திரைத்தாளில் எழுதி வாங்கினால் தத்து ஆகாது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பச்சிளம் குழந்தைகள் விற்கப்படும் செய்தி வரும்போதெல்லாம் தரகர்கள் கைதானதோடு பேச்சு அடங்கிவிடுகிறது. 2019-இல் எங்கள் மாவட்டத்து ராசிபுரத்தில் நடந்த குழந்தை விற்பனை அம்பலமானபோதும், சட்டப்படி தத்தெடுப்பது எப்படி என்பதை ஊருக்கு ஊர் எடுத்துச் சொல்ல யாரும் முனைந்ததாக நான் அறியவில்லை. பத்திர எழுத்தராக இருக்கும் எனக்கு இது பெருங்குறையாகவே படுகிறது.

தொப்புள்கொடி கூட உதிராத குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு, ‘இக்குழந்தையின் பேரில் இனி எனக்கு யாதொரு உரிமையும் பாத்தியதையும் கிடையாது’ என்று பெற்றவளிடம் கைரேகை வாங்கிய 20 ரூபாய் முத்திரைத்தாளை நீட்டி, இதைப் பதிவு செய்து தரமுடியுமா என்று ஒரு தம்பதியர் என்னிடம் கேட்டனர். குழந்தைக்காகப் பல ஆண்டுகள் ஏங்கியவர்கள் அவர்கள். குற்றம் செய்கிறோம் என்ற எண்ணமே அவர்களுக்கு இல்லை. ஆனால், கைவிடப்பட்ட அல்லது ஒப்படைக்கப்பட்ட குழந்தையைச் சட்ட நடைமுறைக்குப் புறம்பாகத் தத்துக் கொடுப்பதும் பெறுவதும், 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டப்படி மூன்றாண்டு வரை சிறையோ ஒரு லட்சம் ரூபாய் அபராதமோ இரண்டுமோ விதிக்கத்தக்க குற்றம். பணம் கைமாறினால் அது குழந்தை விற்பனை. அதற்குத் தண்டனை இன்னும் கடுமையானது.

தத்துப் பத்திரம் என்று ஒன்று இல்லாமல் இல்லை. 1956-ஆம் ஆண்டின் இந்து தத்தெடுப்புச் சட்டத்தின்கீழ், பெற்றோர் இருவரும் மனமொத்துத் தங்கள் குழந்தையைத் தாமே கொடுக்க, தத்தெடுப்பவர் வாங்கிக்கொள்ளும்போது அதைப் பத்திரமாகப் பதியலாம். உறவுக்குள் நடக்கும் தத்து பெரும்பாலும் இவ்வகையைச் சேர்ந்தது. அதிலும் பணம் கொடுப்பதற்கோ வாங்குவதற்கோ இடமில்லை. தகப்பன் யாரென்று சொல்லப்படாத, தரகர் கைமாற்றிவிட்ட குழந்தைக்கு இந்தச் சட்டத்தைத் துணைக்கு அழைக்க முடியாது.

மற்றவர்களுக்கு உள்ள வழி, ‘காரா’ எனப்படும் மத்திய தத்தெடுப்பு வள ஆணையத்தின் இணையதளத்தில் பதிவு செய்வது. எம்மதத்தவரும் இவ்வழியில் தத்தெடுக்கலாம் என்று 2014-இல் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியிருக்கிறது. திருமணமாகாத பெண்ணும் எடுக்கலாம். தனித்து வாழும் ஆணுக்குப் பெண் குழந்தை மட்டும் தரப்படுவதில்லை. பதிந்தபின் சமூகப் பணியாளர் வீட்டுக்கு வந்து விசாரித்து அறிக்கை தருவார். முறை வரும்போது குழந்தையின் விவரம் காட்டப்படும். ஏற்றுக்கொண்டால், இறுதி ஆணைக்குக் காத்திராமல் முன்வளர்ப்பாகக் குழந்தையை வீட்டுக்கு அழைத்து வரலாம். முன்பு நீதிமன்றம் பிறப்பித்த தத்து ஆணையை 2022 செப்டம்பர் முதல் மாவட்ட ஆட்சியரே பிறப்பிக்கிறார். அதன் பேரில், வளர்ப்பவர்களையே பெற்றோராகக் குறித்துப் பிறப்புச் சான்றிதழ் கிடைக்கும். பள்ளிச் சேர்க்கையிலும் வாரிசுரிமையிலும் பிற்காலத்தில் எழும் சிக்கல்களைப் பத்திர அலுவலக வாசலில் அன்றாடம் பார்ப்பவன் என்பதால், அந்த ஒரு தாளின் மதிப்பை நான் நன்கறிவேன்.

காத்திருப்பு நீளமானது என்பதை மறுப்பதற்கில்லை. பச்சிளம் குழந்தைக்காகப் பதிந்தவர்கள் ஆண்டுக்கணக்கில் காத்திருக்கிறார்கள், தரகர்கள் பிழைப்பதும் அதனால்தான்.

ஆயினும், நாம் அதிகம் மறந்துவிடுவது பெற்ற தாயைத்தான். வளர்க்க இயலாத நிலையில் குழந்தையை, இளைஞர் நீதிச் சட்டப்படி மாவட்டத்தில் இயங்கும் குழந்தைகள் நலக் குழுவிடம் ஒப்படைப்பது குற்றமாகாது. ஒப்படைத்தபின் மனம் மாறினால் திரும்பப் பெற இரண்டு மாத அவகாசமும் உண்டு. அவள் அடையாளத்தை வெளியிடவும் கூடாது. தொட்டில் குழந்தைத் திட்டத்தை 1992-லேயே சேலத்தில் தொடங்கிய மாநிலம் இது. அப்படியிருந்தும், பிரசவ வார்டில் கலங்கிக் கிடக்கும் பெண்ணிடம் இந்த உரிமையைச் சொல்ல ஆளில்லாமல், தரகர் முந்திக்கொள்கிறார்.

ஆகவே, அரசு மற்றும் தனியார் மருத்துவமனைகளின் பிரசவ வார்டுகளிலும், கருத்தரிப்பு மையங்களிலும், சார் பதிவாளர் அலுவலகங்களிலும் இந்த நடைமுறையை எளிய தமிழில் எழுதி, 1098 என்ற உதவி எண்ணுடனும் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகின் முகவரியுடனும் பலகை வைக்க மாவட்ட நிர்வாகங்கள் உத்தரவிட வேண்டுமென்று தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
பத்திர எழுத்தர் ஒருவர்,
நாமக்கல் மாவட்டம்.