பைசாவுக்கு ஒரு மணி நேரம் போதாது

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு, வணக்கம்.

தங்கள் ஞாயிறு பயணப் பக்கத்தில் வந்த ஐரோப்பியச் சுற்றுலாக் கட்டுரையில் இத்தாலியின் பைசா நகரத்துக்கு ஒரே ஒரு பத்தி. சாய்ந்த கோபுரத்தைப் பார்த்துப் படம் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடலாம், ஒரு மணி நேரமே அதிகம் என்ற தோரணையில் எழுதியிருந்தது. படித்ததும் எனக்கு மனம் ஆறவில்லை.

என் மகள் அந்த ஊர்ப் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்கிறாள். போன ஜூன் மாதம் அவளோடு தங்கியிருந்தேன். காலை நடைக்குப் போகும்போதெல்லாம் கோபுரத்தடியில் நம் ஊர்ச் சுற்றுலாக் குழுக்கள் கண்ணில் படும். ஒருநாள் மதுரைப் பக்கத்துப் பெரியவர் ஒருவர் என் சேலையைப் பார்த்துவிட்டு அருகில் வந்து, "ஏம்மா, இந்த ஊரில் வேறு என்னதான் இருக்கு?" என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று அவரைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். அவரிடம் சொல்ல நினைத்ததைத்தான் இப்போது எழுதுகிறேன்.

கோபுரத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. 1173-இல் தொடங்கி ஏறக்குறைய 200 ஆண்டுகள் விட்டுவிட்டுக் கட்டினார்கள். 1990-இல் ஆபத்து என்று மூடி, சாய்ந்த பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் அடிமண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாக உருவியெடுத்து, சற்றே நிமிர்த்தி, 2001-இல் திறந்தார்கள். பார்க்க வேண்டியதுதான். ஆனால் கோபுரம் நிற்கும் அதே புல்வெளியின் வடக்கு ஓரத்தில் ஜன்னல்களே இல்லாத நீண்ட வெள்ளைச் சுவர் ஒன்று இருக்கிறது. எல்லோரும் அதற்கு முதுகைக் காட்டி நின்றுதான் படம் எடுக்கிறார்கள். அதற்குப் பின்னால் இருப்பது கம்போசாந்தோ என்ற பழைய இடுகாடு. 13-ஆம் நூற்றாண்டில் கட்டத் தொடங்கியது.

உள்ளே நாலு பக்கமும் தாழ்வாரம், நடுவில் திறந்த முற்றம், சுவர் முழுக்க ஓவியம். 1944 ஜூலை 27 அன்று போரில் குண்டு விழுந்து கூரை எரிந்தது. கூரையின் ஈயத்தகடுகள் உருகிச் சுவரோவியங்களின் மேல் வழிந்தன. மிஞ்சியதைக் காப்பாற்றுவதற்காக ஓவியங்களைச் சுவரிலிருந்து பெயர்த்தெடுத்தபோது, அடியில் ஓவியர்கள் முதலில் செங்காவியில் போட்டுப் பார்த்த கோட்டுருவங்கள் வெளிப்பட்டன. அவற்றுக்கென்றே புல்வெளியின் எதிர்ப்புறம் ஓர் அருங்காட்சியகம் வைத்திருக்கிறார்கள். போட்ட கோட்டைத் திருத்தி, கையின் கோணத்தை மாற்றி மறுபடி வரைந்திருப்பதெல்லாம் அப்படியே தெரிகிறது. நான் போனபோது அங்கே என்னையும் காவலரையும் தவிர யாருமில்லை. 'மரணத்தின் வெற்றி' என்ற பெரிய ஓவியத்தைச் சீர்செய்து, 2018-இல்தான் கம்போசாந்தோ சுவருக்குத் திருப்பிக் கொண்டுவந்தார்கள்.

கணக்கு ஆசிரியையாகக் காலம் தள்ளிய எனக்கு அந்தத் தாழ்வாரத்தில் இன்னொரு காரியமும் இருந்தது. அங்கே இடைக்காலக் கணித மேதை ஃபிபோனாச்சியின் பளிங்குச் சிலை நிற்கிறது. 19-ஆம் நூற்றாண்டுச் சிற்பி செய்தது. அவருடைய முகம் எப்படி இருந்தது என்று யாருக்கும் தெரியாது, அதனால் முகம் கற்பனைதான். ஆள் நிஜம், இந்த ஊர்க்காரர். தகப்பனார் வட ஆப்பிரிக்காவில், இன்றைய அல்ஜீரியாவின் பெஜாயா துறைமுகத்தில், பைசா வணிகர்களுக்கான சுங்க அலுவலராக இருந்தார். அங்கே சிறுவனாக இருக்கும்போது இவர் இந்திய எண்களைக் கற்றார். 1202-இல் எழுதிய கணக்கு நூலின் முதல் அத்தியாயத்திலேயே, இந்தியர்களின் ஒன்பது எண்குறிகள் இவை, இவற்றோடு சுழியையும் சேர்த்தால் எந்த எண்ணையும் எழுதலாம் என்கிறார். ரோம எண்களோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த ஐரோப்பிய வணிகர்களுக்கு நம் எண்களைக் கொண்டுபோய்ச் சேர்த்தவர்களில் முதன்மையானவர். இந்தியாவிலிருந்து வருகிறவர்கள் அந்தச் சிலைக்கு நூறு தப்படி தொலைவில் நின்று கோபுரத்தைக் கையால் தாங்குவது போலப் படம் எடுத்துக்கொண்டு திரும்புகிறார்கள். வழிகாட்டி ஒருவர்கூடச் சொல்லித் தருவதில்லையே என்றுதான் என் ஆதங்கம்.

அப்புறம், அதே புல்வெளியில் வட்டமான ஞானஸ்நான மண்டபம். அவ்வப்போது கதவைச் சாத்திவிட்டுக் காவலர் ஒருவர் நடுவில் நின்று ஒரு சுரத்தைப் பாடுவார். அது மறைவதற்குள் அடுத்தது, அதன்மேல் இன்னொன்று. மேலே கவிந்த கூரை மூன்றையும் சேர்த்துப் பிடித்துவைத்துக்கொண்டு பாடுகிறது. ஒற்றை ஆள் பாடியது என்று நம்ப முடியாது.

அந்தப் புல்வெளியைச் சுற்றியே இவ்வளவு. தெற்கே சாந்தா மரியா வீதியில் பத்துப் பதினைந்து நிமிடம் நடந்தால் ஆர்னோ ஆறு. வழியில் இடப்பக்கம் திரும்பினால் 16-ஆம் நூற்றாண்டுக் கட்டடக் கலைஞர் வசாரி வடிவமைத்த மாளிகை நிற்கும் சதுக்கம். நெப்போலியன் 1810-இல் தொடங்கிய உயர்கல்வி நிறுவனம் அந்த மாளிகையில்தான் நடக்கிறது. இயற்பியல் அறிஞர் என்ரிக்கோ ஃபெர்மி படித்த இடம். பக்கத்திலேயே பல்கலைக்கழகத்தின் தாவரத் தோட்டம். அதை 1544 வாக்கில் தாவரவியலாளர் லூக்கா கினி தொடங்கினார். ஆற்றை நெருங்கும்போது சான் நிக்கோலா ஆலயத்தின் மணிக்கூண்டை அண்ணாந்து பாருங்கள், அதுவும் சாய்ந்திருக்கிறது! ஆறு கொண்டுவந்து கொட்டிய மெத்து மண், அடித்தளம் தாங்கவில்லை.

ஆற்றோரப் பழைய கப்பல்துறைக் கட்டடத்தில் பண்டைய கப்பல்களின் அருங்காட்சியகம் இருக்கிறது. 1998-இல் ரயில்வே வேலைக்குத் தோண்டியபோது வண்டலுக்குள் புதைந்துகிடந்த ரோமானியக் காலத்துக் கப்பல்கள் கிடைத்தன. சரக்கு ஜாடிகள், கயிறு, ஒரு மனிதனின் எலும்புக்கூடு, கூடவே அவனுடைய நாயுடையதும். வரலாறு பிடித்தவர்களுக்கு அரைநாள் போவதே தெரியாது. திறக்கும் நாள்களை முன்கூட்டியே விசாரித்துக்கொள்வது நல்லது.

சாப்பாட்டுக்கு அலைய வேண்டாம், நம்மில் பலருக்கு அதுதான் பெரிய கவலை. கொண்டைக்கடலை மாவைத் தண்ணீரும் ஆலிவ் எண்ணெயும் உப்பும் சேர்த்துக் கரைத்து, அகலமான தட்டில் ஊற்றி விறகடுப்பில் சுடும் செசீனா எங்கும் கிடைக்கும். மேலே மிளகுத்தூள் தூவிச் சூடாகத் தருவார்கள். முட்டைகூடக் கிடையாது.

ஜூனில் போகிறவர்கள் 16-ஆம் தேதி இரவு அங்கே இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். மறுநாள் ஊர்க்காவல் புனிதர் சான் ரனியேரியின் திருநாள். ஆற்றின் இரு கரை மாளிகைகளிலும் ஜன்னல், வளைவு, விளிம்பு என்று கோடு தவறாமல் வெள்ளை மரச்சட்டங்கள் அடித்து, பல்லாயிரக்கணக்கான மெழுகுவர்த்திகளைக் கண்ணாடிக் குவளைகளில் ஏற்றுகிறார்கள். தெருவிளக்குகளை அணைத்துவிடுகிறார்கள். கார்த்திகை அன்று நம் அக்ரகாரத் திண்ணைகளில் விளக்கு வரிசையைப் பார்த்து வளர்ந்தவள் நான். பாலத்தில் நின்றபோது கண் கலங்கிவிட்டது.

சுற்றுலா நிறுவனத்தார்க்கு ஒரு வேண்டுகோள். ஃபிளாரன்ஸில் எப்படியும் இரண்டு இரவு போடுகிறீர்கள். அதில் ஒன்றைப் பைசாவில் போடுங்கள். இரண்டுக்கும் இடையே ரயிலில் ஏறக்குறைய ஒரு மணி நேரம்தான். அது முடியாவிட்டால், கோபுரத்துக்கு அப்புறம் ஆறு வரை நடந்து திரும்ப ஒரு மதியப் பொழுதாவது விடுங்கள். பணம் கட்டப்போகும் வாசகர்களும், பயணத் திட்டத்தில் பைசா என்று இருந்தால் அங்கே எத்தனை மணி நேரம் என்று கேட்டுவிட்டுக் கட்டுங்கள். அடுத்த முறை அந்தப் பக்கத்தை வெளியிடும்போது, கோபுரத்திலிருந்து ஆர்னோ வரையிலான சிறு வரைபடம் ஒன்றையும் தாங்கள் சேர்த்துப் போட்டால் நன்றியுடையவளாக இருப்பேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணித ஆசிரியை,
கும்பகோணம்.