எதிர் ஃபிளாட்டில் யார்?

அன்புள்ள பாப்பாவுக்கு,

நானும் அம்மாவும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது. மற்ற செய்தியெல்லாம் அவளே போனில் சொல்வாள். எனக்கு இதைப் போனில் சொல்ல வாய் வரவில்லை, அதனால்தான் காகிதம்.

ஞாயிற்றுக்கிழமை நீ போட்ட ஸ்டேட்டஸைப் பார்த்தேன். ஆபீஸ் ஆட்களோடு சிரித்துக்கொண்டு நிற்கிறாய். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கண்ணுக்குக் கீழே கறுத்திருக்கிறது. ராத்திரி மூன்று மணிக்கு நீ ஆன்லைனில் இருந்ததும் தெரியும். மார்ச்சில் நடந்ததைப் பற்றி உன்னிடம் கேட்க மாட்டேன் என்று அம்மாவுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன், கேட்கவில்லை. ஒன்றே ஒன்று சொல். உன் எதிர் ஃபிளாட்டில் யார் இருக்கிறார்கள்?

போன தடவை கேட்டதற்கு, "தெரியலப்பா, குரூப்ல இருப்பாங்க" என்றாய். மூன்று வருஷமாக ஒரே லிஃப்டில் ஏறி இறங்குகிறாய். தண்ணீர் வராவிட்டால் குரூப், யாராவது வழியில் வண்டியை நிறுத்தினால் குரூப். முகம் மட்டும் தெரியாது. ஒரு தடவை அந்தக் கதவைத் தட்டு பாப்பா.

போனைக் குறை சொன்னால் உனக்குப் பிடிக்காது. டொரண்டோ பக்கத்துக் குடியிருப்பைப் பற்றி எனக்குச் சொன்னவளே நீதான். 1990-களின் கடைசியில் கீத் ஹாம்ப்டனும் பேரி வெல்மனும் அங்கே ஆராய்ந்தபோது, வேகமான இணைய வசதி கிடைத்த வீட்டுக்காரர்களுக்குத்தான் அக்கம்பக்கத்தில் அதிகம் பேரைப் பெயர் சொல்லத் தெரிந்திருந்தது என்றாய். நீ அதை விளக்கிச் சொன்ன அன்று எனக்கு அவ்வளவு பெருமை. ஆனால் அந்த வீட்டுக்காரர்கள் ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போய்வந்ததும் அதிகம்தானே? நீ யார் வீட்டுக்குப் போகிறாய்?

இதைக் கேட்க எனக்கு என்ன யோக்கியதை என்று நீ கேட்கலாம். பக்கத்து வீட்டு டீச்சர் விழுந்துவிட்டார் என்று அம்மா சொல்லியிருப்பாள். எப்போது பார்த்தோம் என்பதைச் சொல்லியிருக்க மாட்டாள். மறுநாள் சாயங்காலம் பாப்பா.

தினமும் காலையில் அவருக்கு ஒரு பூப்படம் அனுப்புவேன். அன்றைக்கும் அனுப்பினேன். ஒரு டிக்தான் விழுந்தது. மறுநாளும் ஒரே டிக். சார்ஜ் போட மறந்திருப்பார் என்று நினைத்துக்கொண்டேன். மாடிக் கொடியில் முந்தின நாள் அவர் போட்ட துண்டு எடுக்காமலே கிடந்தது. அதை ஓரமாகத் தள்ளிவிட்டு என் சட்டையைக் காயப்போட்டேன். என் கையாலேயே தள்ளினேன். அப்போதுகூட எனக்கு எதுவும் உறைக்கவில்லை.

கடைசியில் அம்மாதான் போய்க் கதவைத் தட்டினாள். சமையலறையில் விழுந்து, எழுந்திருக்க முடியாமல், கைக்கு எட்டிய கரண்டியால் சுவரைத் தட்டிக்கொண்டே இருந்திருக்கிறார். அது நம் ஹால் சுவர். நான் இந்தப் பக்கம் காதில் மாட்டிக்கொண்டு வீடியோ பார்த்துக்கொண்டிருந்தேன். உனக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்த மனுஷி. இடுப்பெலும்பு ஆபரேஷன் ஆகி இப்போது வாக்கர் பிடித்து நடக்கிறார். என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பரவாயில்லை.

1995 ஜூலையில் சிகாகோ வெயிலில் 700 பேருக்கு மேல் செத்துப்போனார்கள். அதில் பலர் தனியாக இருந்த வயதானவர்கள். அப்போது யார் கையிலும் இந்தப் போன் கிடையாது. அதனால் பழியைப் போன்மேல் போட்டுவிட்டு நான் தப்பிக்க முடியாது. அவர் அனுப்பும் பதில் படத்தைப் பார்த்தே, அவரை நேரில் பார்த்துவிட்டதாக எனக்கு ஒரு நிம்மதி வந்துவிட்டது. பத்தடி நடந்து போக வேண்டியிருக்கவில்லை. உன் விஷயத்திலும் இத்தனை நாள் அப்படித்தான் இருந்துவிட்டேன். நீலநிற டிக் வந்தால் பிள்ளை நன்றாக இருக்கிறாள் என்று படுத்துவிடுவேன். மார்ச்சிலேயே ரயில் ஏறி வந்திருக்க வேண்டும், வரவில்லை.

டீச்சர் வீட்டு மாற்றுச் சாவி இப்போது நம் ஆணியில் தொங்குகிறது. உன் சாவி ஒன்றையும் நம்பிக்கையான ஆளாகப் பார்த்துக் கொடுத்து வை. தூக்கம் வராவிட்டால் எந்நேரமானாலும் எனக்குப் போன் பண்ணு, நானும் விழித்துத்தான் இருக்கிறேன். முதலில் அந்தக் கதவைத் தட்டு. தட்டிவிட்டுக் கட்டைவிரல் படம் அனுப்பாதே. அவர்கள் பெயர் என்ன என்று எழுது.

அப்பா