எதிரொலிக்கு எங்கள் வீட்டிலிருந்து இரண்டாவது கடிதம்

மதிப்பிற்குரிய பிரசார் பாரதி நிர்வாகத்தாருக்கும் சென்னைத் தூர்தர்ஷன் நிலையத்தாருக்கும்,

வணக்கம்.

எங்கள் வீட்டிலிருந்து உங்களுக்கு வரும் இரண்டாவது கடிதம் இது. முதல் கடிதத்தை 1986-இல் என் அப்பா எழுதினார். அஞ்சலட்டையில் மையால் எழுதுவதற்கு முன் என் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் பென்சிலால் எழுதிப் பார்த்திருக்கிறார். அந்தப் பக்கம் இன்னும் என்னிடம் இருக்கிறது. இரண்டு இடங்களில் அடித்துத் திருத்தியிருக்கிறார். “தயவுசெய்து” என்று முதலில் எழுதி, அது கெஞ்சுவதுபோல் பட்டதோ என்னவோ, “அன்புகூர்ந்து” என்று மாற்றியிருக்கிறார். விஷயம் இதுதான்: முந்தைய வாரம் நீங்கள் ஒளிபரப்பிய நாகஸ்வரக் கச்சேரியை எங்கள் ஊரில் மின்சாரம் போனதால் பாதிதான் கேட்க முடிந்தது, மறுபடியும் ஒளிபரப்ப வேண்டும்.

அந்தக் கடிதம் நேயர் கடிதங்களை வாசிக்கும் எதிரொலி நிகழ்ச்சியில் வாசிக்கப்பட்டது. உத்திரமேரூர் பக்கத்தில் ஒரு கிராமம் எங்களுடையது. பஞ்சாயத்து அலுவலகத் திண்ணையில் மரப்பெட்டிக்குள் பூட்டி வைத்த டிவி ஒன்று, அதன் சாவி கிளார்க்கிடம். சாயங்காலம் பெட்டி திறக்கும்போது முன்வரிசையில் பிள்ளைகள், பின்னால் பெண்கள், கடைசியில் சைக்கிளைப் பிடித்தபடி ஆண்கள். அன்று அப்பா அந்தக் கடைசி வரிசையில் நின்றிருந்தார். பெட்டியிலிருந்து அவர் பெயரும் எங்கள் ஊர்ப் பெயரும் வந்தபோது, முன்வரிசையில் இருந்த நான் திரும்பிப் பார்த்தேன். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அப்பா சைக்கிள் மணியின் மேல் கைவைத்தபடி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கோயில் திருப்பணிக் கல்வெட்டில்கூடப் பெயர் இல்லாத மனிதர். அன்று நாடு கேட்க அவர் பெயரைச் சொன்னீர்கள். அதற்கு நன்றி சொல்ல நாற்பது ஆண்டு தாமதமாகிவிட்டது.

இப்போது அப்பா இல்லை. அந்த எதிரொலி இருக்கிறதா என்று கேட்கத்தான் இந்தக் கடிதம்.

எண்பதுகளைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லாரும் வரிசையாகச் சில ஆண்டுகளைச் சொல்வார்கள். 1982 ஆகஸ்ட் 15 அன்று வண்ண ஒளிபரப்பு வந்தது, அடுத்து டெல்லி ஆசிய விளையாட்டு. 1983 ஜூன் 25 அன்று லார்ட்ஸ் மைதானத்தில் கோப்பை. 1984-இல் முதல் நெடுந்தொடர். அதே ஆண்டு நவம்பர் 3 அன்று இந்திரா காந்தியின் இறுதிச் சடங்கு, டிவி இருந்த வீட்டு வாசலெல்லாம் செருப்புக் குவியல். 1987 ஜனவரி 25 முதல் ஞாயிற்றுக்கிழமை காலைகளில் ராமாயணம், 1988 அக்டோபர் 2 முதல் மகாபாரதம். மொழி புரியாமலேயே நாங்களும் பார்த்தோம். கதைதான் தெரிந்ததாயிற்றே. எங்கள் ஊரில் இந்தி தெரிந்தவர் ஒருவர்கூட இல்லை, ஆனாலும் ஞாயிறு காலையில் ஏர் பூட்ட ஆள் கிடைக்காது.

இவையெல்லாம் பத்திரமாக இருக்கின்றன என்பதில் எனக்கு மகிழ்ச்சிதான். 2020 மார்ச் கடைசியில் நாடே வீட்டுக்குள் அடைந்திருந்தபோது ராமாயணத்தை மீண்டும் ஒளிபரப்பினீர்கள், கோடிக்கணக்கானோர் பார்த்தார்கள். 2024 நவம்பரில் வேவ்ஸ் செயலியைத் தொடங்கினீர்கள். உங்கள் ஆவணக் காப்பகத்திலிருந்து பழைய கச்சேரிகளை யூடியூபில் ஏற்றியிருக்கிறீர்கள். சிலவற்றை நள்ளிரவு வரை உட்கார்ந்து கேட்டிருக்கிறேன். ஆகவே நீங்கள் எதுவுமே செய்யவில்லை என்று குறை சொல்ல நான் எழுதவில்லை.

என் கவலை வேறு. பெரியவை எப்படியும் பிழைத்துக்கொள்ளும். அவற்றுக்குச் சந்தை இருக்கிறது, வாங்க ஆள் இருக்கிறது. 1975 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கிய சென்னை நிலையம் தமிழில் அன்றாடம் சமைத்துப் போட்ட எளிய சோறு ஒன்று உண்டு. வயலும் வாழ்வும், மனைமாட்சி, கண்மணிப் பூங்கா, காண்போம் கற்போம், முன்னோட்டம், எதிரொலி, செவ்வாய்க்கிழமை நாடகம். எண்பதுகளில் வளர்ந்த தமிழர்களுக்கு மைல்கல் என்றால் இவைதான். ஒரு வாரத்தின் கிழமைகளையே நாங்கள் இவற்றை வைத்துத்தான் அறிந்தோம். வெள்ளிக்கிழமை என்றால் அது ஒளியும் ஒலியும். ஞாயிறு என்றால் மாலைப் படம். படம் போடும் நேரத்தில் எங்கள் தெருவில் யார் வீட்டிலாவது பிரசவ வலி கண்டால்கூட மாட்டுவண்டிக்காரரைப் பஞ்சாயத்துத் திண்ணையில்தான் தேட வேண்டும்.

ஒளியும் ஒலியும் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அதில் வந்த பாடல்களை இன்று யார் வேண்டுமானாலும் கைப்பேசியில் பார்க்கலாம். உரிமை வேறு யாரிடமோ இருப்பதால் அவற்றை நீங்கள் வெளியிடுவதில் சிக்கலும் இருக்கும். எனக்கு அந்தப் பாடல்கள் வேண்டாம். பாடலுக்கு முன்னால் வந்த முகம் வேண்டும். பட்டுப் புடவையோ கைத்தறியோ கட்டி, கூந்தலில் ஒற்றைப் பூ வைத்து, “அடுத்து வருவது” என்று நிறுத்தி நிதானமாகச் சொன்ன அறிவிப்பாளரின் குரல் வேண்டும். ஷோபனா ரவி செய்தி வாசிப்பதைக் கேட்டு உச்சரிப்புத் திருத்திக்கொண்ட ஒரு தலைமுறை இருக்கிறது. லகர, ளகர, ழகரங்களை எங்கள் தமிழாசிரியர் பிரம்பால் சொல்லிக்கொடுத்ததைவிட அந்தச் செய்தி அறை சொல்லிக்கொடுத்தது அதிகம். அந்தத் தமிழ் எப்படி ஒலித்தது என்று இன்றைய பிள்ளைகளுக்குக் காட்ட என்னிடம் ஒரு நிமிடப் பதிவு இல்லை.

வயலும் வாழ்வும் என்றால் இன்று சிலர் சிரிக்கிறார்கள். அவர்களை நினைத்தால் எனக்குக் கோபம் வருகிறது. ஒரு குடியானவர் தன் வரப்பில் நின்றுகொண்டு, புகையான் பூச்சி தாக்கிய நெற்பயிர் தூரில் எப்படிக் காய்ந்துபோகிறது என்று தன் பேச்சுமொழியில் சொல்லும் காட்சி வேறு எங்கே கிடைக்கும்? எந்தெந்த நெல் ரகம் அப்போது பயிரானது, எந்த ஊர்க்காரர் அதை எந்தச் சொல்லால் அழைத்தார், ஏற்றம் எங்கே நின்றது, பம்புசெட் எப்போது வந்தது எல்லாம் அதில் இருக்கும். திரைப்படத்தில் வந்த கிராமம் யாரோ எழுதி, யாரோ நடித்தது. அந்த நிகழ்ச்சியில் வந்தவர்கள் வேட்டியை மடித்துக் கட்டிய உண்மையான மனிதர்கள். அவர்களில் பெரும்பாலோர் இன்று இருக்க மாட்டார்கள். அவர்கள் அசைந்து பேசும் உருவம் அவர்கள் குடும்பத்தாரிடம்கூட இருக்காது. உங்களிடம்தான் இருக்கும், இருந்தால்.

இந்த “இருந்தால்” என்ற சொல்தான் என்னைத் தூங்கவிடாமல் செய்கிறது. அந்தக் காலத்தில் ஒளிநாடா விலை அதிகம். ஒளிபரப்பியதை அழித்துவிட்டு அதே நாடாவில் அடுத்ததைப் பதிவது உலகம் முழுக்க இருந்த வழக்கம். லண்டன் பிபிசி நிறுவனமே தன் அறுபதுகளின் தொடர்களை அப்படி அழித்துவிட்டுப் பின்னால் வருந்தியது. 1983 ஜூன் 18 அன்று டன்பிரிட்ஜ் வெல்ஸ் மைதானத்தில் 17 ரன்னுக்கு 5 விக்கெட் போன பிறகு கபில்தேவ் ஆட்டமிழக்காமல் அடித்த 175 ரன்னுக்கு இன்று வரை காட்சிப் பதிவே கிடையாது. அந்த ஆட்டத்தை நினைக்கும்போதெல்லாம் எனக்குச் சென்னை நிலையத்தின் அலமாரிகள் நினைவுக்கு வருகின்றன.

அழிக்காமல் வைத்திருந்தாலும் நாடா தானாக அழியும். என் அத்தை மகன் வளைகுடாவிலிருந்து விசிஆர் கொண்டுவந்து, 1988, 89-இல் வெள்ளிக்கிழமை நிகழ்ச்சிகளைப் பதிவு செய்து வைத்திருந்தான். சென்ற ஆண்டு பரணிலிருந்து அந்தப் பெட்டியை இறக்கினோம். பதினொரு கேசட். ஒன்றின் மூடியைத் திறந்து ஜன்னல் பக்கம் பிடித்துப் பார்த்தேன். நாடாச் சுருளின் ஓரம் முழுக்க வெள்ளையாகப் பூசணம், கோலமாவு தூவியதுபோல். விரலால் தொட்டால் ஒட்டிக்கொண்டது. இன்னொன்றில் நாடாவின் பூச்சே பிசுபிசுவென்று இளகிப்போயிருந்தது. ஓடும் நிலையில் இருந்தவை மூன்று. அவற்றில் ஒன்றில் ஏழு நொடிகள், “தடங்கலுக்கு வருந்துகிறோம்” என்ற அட்டை அசையாமல் நிற்கிறது. அதைப் பார்த்து அத்தை மகன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். ஐம்பத்தெட்டு வயது மனிதன்.

பரணில் கிடந்ததற்கும் குளிர்பதன அறையில் இருப்பதற்கும் வேறுபாடு உண்டு என்பது எனக்குத் தெரியும். ஆனால் காந்த நாடாவின் பூச்சு ஈரத்தை உறிஞ்சித் தளர்வது எல்லா இடத்திலும் நடப்பது. அதைவிடப் பெரிய ஆபத்து, நாடா நன்றாக இருந்தும் அதை ஓட்டும் கருவி இல்லாமல் போவது. அந்தக் கால ஒளிநாடாவை ஓட்டிய யூ-மேட்டிக் கருவிகளை இன்று யாரும் புதிதாகச் செய்வதில்லை. பழுது பார்க்கத் தெரிந்த கைகளும் ஓய்வு பெற்றுவிட்டன. யுனெஸ்கோவும் ஒலி, ஒளி ஆவணக் காப்பகங்களின் பன்னாட்டு அமைப்பும் சேர்ந்து 2019-இல் உலகுக்கு ஓர் எச்சரிக்கை விடுத்தன: 2025-க்குள் எண்மப் பதிவாக மாற்றப்படாத காந்த நாடாக்களில் பெரும்பகுதி கைவிட்டுப் போய்விடும் என்று. இதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் உங்களுக்குத் தெரியும் என்பது எங்களுக்குத் தெரிய வேண்டும்.

எல்லாவற்றையும் நாளைக்கே வெளியிடுங்கள் என்று நான் கேட்கவில்லை. முதலில் ஒரு பட்டியல் வெளியிடுங்கள். 1975 முதல் 1993 வரை (அந்த ஆண்டு ஏப்ரல் 14 அன்று சன் டிவி வந்து, நாங்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் ஒரே காட்சியைப் பார்த்த காலம் முடிந்தது) சென்னை நிலையம் தமிழில் தயாரித்தவற்றில் எவையெவை இன்று உங்கள் கையில் இருக்கின்றன? நிகழ்ச்சியின் பெயர், தேதி, பங்கேற்றவர் பெயர், ஊர், நாடாவின் நிலை. இவ்வளவு போதும். இல்லாதவற்றுக்கு நேராக “இல்லை” என்று போடுங்கள். அதையும் தாங்கிக்கொள்வோம். இருக்கிறதா இல்லையா என்றே தெரியாமல் இருப்பதைத்தான் தாங்க முடியவில்லை.

பட்டியல் வந்தால் பாதி வேலையை நாங்களே செய்வோம். பெயர் தெரியாத நாகஸ்வரக்காரரின் படத்தைப் போட்டால், தவிலடிப்பவரின் கையைப் பார்த்தே ஊரைச் சொல்லக்கூடிய ரசிகர்கள் இன்னும் இருக்கிறார்கள். நாடகத்தில் வரும் மூன்றாவது வேடக்காரர் யார் என்று சபா நாடகங்கள் பார்த்து வளர்ந்த மயிலாப்பூர்ப் பெரியவர் ஒருவர் சொல்லிவிடுவார். உங்களிடம் பணியாற்றி ஓய்வு பெற்ற ஒளிப்பதிவாளர்கள், ஒப்பனையாளர்கள், தயாரிப்பாளர்கள், கிராமங்களுக்கு ஜீப் ஓட்டிச் சென்ற ஓட்டுநர்கள் எல்லாரையும் கூப்பிட்டு உட்காரவைத்துக் கேளுங்கள். அவர்களுக்கு வயதாகிவிட்டது. நாடாவைப் போலவே அவர்களும் காத்திருக்க மாட்டார்கள்.

உங்களிடம் இல்லாதது எங்கள் பரண்களில் இருக்கலாம். பிபிசி அழித்துவிட்ட டாக்டர் ஹூ தொடரின் ஒன்பது பகுதிகள் நைஜீரியாவில் ஜோஸ் நகரத்து நிலையம் ஒன்றில் தூசுக்குள் கிடந்து, 2013-இல் வெளியுலகுக்கு வந்தன. லண்டனில் தொலைந்தது ஆப்பிரிக்காவில் கிடைக்கும் என்றால், சேப்பாக்கத்தில் தொலைந்தது செங்கல்பட்டில் கிடைக்காதா? வீட்டுக் கேசட்டுகளைப் பொதுமக்கள் கொண்டுவந்து கொடுக்க சுவாமி சிவானந்தா சாலையில் உள்ள உங்கள் அலுவலகத்தில் ஒரு மேசை போடுங்கள். முதல் ஆளாக அந்தப் பதினொரு கேசட்டோடு நான் வந்து நிற்பேன். பூசணம் பிடித்தவற்றையும் சேர்த்துத்தான்.

சென்னை நிலையத்தின் ஒளிபரப்பு எட்டாத தூரத்தில் இருந்த தென்மாவட்டத்தாரை மறந்துவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். கொடைக்கானல் ஒளிபரப்புக் கோபுரம் வரும்வரை தூத்துக்குடி, ராமநாதபுரம் கடற்கரையில் பனை உயரத்துக்கு ஆண்டெனா நட்டு, 1982-இல் தொடங்கிய இலங்கை ரூபவாஹினியைத்தான் அவர்கள் பார்த்தார்கள். அவர்களுடைய எண்பதுகள் வேறு. அதை அவர்கள்தான் எழுத வேண்டும்.

பொதிகையாகி, 2024 ஜனவரியில் டிடி தமிழ் ஆகிவிட்டீர்கள். பெயர் எதுவானாலும் எங்களுக்கு நீங்கள் அந்த மரப்பெட்டிக்குள் இருந்தவர்கள்தான். வேறு எந்த நிறுவனத்துக்கும் இப்படி உரிமையோடு எழுத எனக்கு மனம் வராது. உங்கள் நிகழ்ச்சிகள் மக்கள் வரிப்பணத்தில் ஆனவை என்பதற்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. கடிதம் எழுதுங்கள் என்று நீங்கள்தான் எங்களைப் பழக்கினீர்கள். எழுதினால் வாசிப்பீர்கள் என்று அப்பா நம்பினார். நீங்களும் வாசித்தீர்கள்.

அவர் கேட்ட நாகஸ்வரக் கச்சேரியை நீங்கள் மறுபடி ஒளிபரப்பினீர்களா என்பது எனக்கு நினைவில்லை. அப்போது எனக்கு ஒன்பது வயது. ஆகவே அந்த வேண்டுகோளை அவர் எழுதியபடியே மீண்டும் வைக்கிறேன்.

“அன்புகூர்ந்து அந்தக் கச்சேரியை மறுஒளிபரப்பு செய்ய வேண்டுகிறேன். எங்கள் ஊரில் மின்சாரம் போய்விட்டது. பாதிதான் கேட்டோம்.”

இப்படிக்கு,
உத்திரமேரூர் வட்டத்திலிருந்து ஒரு நேயர்