உன் சிப்பாயின் கருப்பு

அன்பு நண்பா,

நீ பெயின்ட் அடித்த சின்னப் பொம்மைச் சிப்பாயின் படங்கள் வந்தன. பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். வாட்ஸப்பில் இரண்டு வரியில் பதில் போட மனசு வரவில்லை, அதனால்தான் இந்தக் கடிதம்.

முதலில் வீட்டு விஷயம். அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்துவிட்டது, இப்போது அவரே காலையில் பேப்பர் படித்து எனக்குச் செய்தி சொல்கிறார். இங்கே புதுச்சேரி முத்தியால்பேட்டையில் நாலு நாளாக விடாத மழை. மஞ்சக்குப்பத்தில் உங்கள் தெருவில் தண்ணீர் நிற்கிறதா? பாப்பாவுக்குச் சென்னையில் வேலை கிடைத்ததைத் தங்கச்சி போனில் சொன்னபோது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் அவ்வளவு சந்தோஷம், அவளுக்கு என் வாழ்த்தைச் சொல்.

சரி, உன் சிப்பாய்க்கு வருகிறேன். 54 மில்லிமீட்டர் உயரத்தில் நெப்போலியனின் பழைய காவல்படை கிரெனடியர், அதாவது அவருடைய காவல்படைக் காலாள் என்றால் லேசான வேலையா? நீலக் கோட்டும், மார்பில் குறுக்கே போகும் வெள்ளை வார்களும், தோளில் சிவப்புக் குஞ்சமும் அருமையாக வந்திருக்கின்றன, முகத்தை நான் இன்னும் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். ஆனால் கரடித்தோல் தொப்பி, முழங்கால் வரை வரும் துணி உறை, முதுகுப் பக்கம் தொங்கும் தோட்டாப் பெட்டி, ஷூ, இந்த நாலும் ஒரே பாட்டிலிலிருந்து ஒரே பிரஷ்ஷில் வந்தது போலத் தெரிகிறது. நீயே அதைச் சரியாகப் பிடித்திருக்கிறாய்: வெளிச்சம் படுகிற இடத்தில் வெளிர் நிறமாக ஹைலைட் போடாவிட்டால் அந்த இடம் ஓட்டை மாதிரி இருக்கிறது, வெள்ளை கலந்து ஹைலைட் போட்டால் மொத்தமும் சாம்பலாகிவிடுகிறது என்று எழுதியிருந்தாய். கருப்பில் கை வைக்கிற எல்லோரும் வந்து நிற்கிற இடம் இதுதான்.

காரணத்தைப் புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்த மாதிரி. வெளிர் நிறப் பொருளின் மேல் படுகிற வெளிச்சம் நாலா பக்கமும் சிதறும், அதனால் அதன் உருவம் நிழலில் தெரியும். கருப்பு அந்த வெளிச்சத்தை விழுங்கிவிடும். நிழல் விழுந்தாலும் அது இன்னும் எவ்வளவு கருக்க முடியும்? ஆகவே கருப்புப் பொருளின் உருவத்தைக் காட்டுவது மேற்பரப்பில் பட்டுத் திரும்புகிற கொஞ்ச வெளிச்சம்தான். பளபளப்பான கருப்பை நேராகப் பார்த்தால் அந்த மேற்பரப்பிலிருந்து திரும்புவது ஏறத்தாழ 4 சதவீதம், சாய்வாகப் பார்க்கப் பார்க்க அது கூடிக்கொண்டே போகும். விளிம்புகள் மினுங்குவது அதனால்தான். திரும்புகிற அந்த வெளிச்சத்துக்குப் பொருளின் நிறம் கிடையாது, வெளிச்சம் வந்த இடத்தின் நிறம்தான். வெட்டவெளியில் வானத்தின் நீலம், விளக்கடியில் மஞ்சள்.

இதைப் பார்க்க நீ எங்கேயும் தேடிப் போக வேண்டாம். எண்ணெய்க்காப்புச் சாத்திய கருங்கல் மூலவரைத் தீபாராதனையின்போது கவனித்துப் பார். தட்டு மேலே போகும்போது மூக்கு நுனியிலும் கன்னத்திலும் தோள் வளைவிலும் சின்னச் சின்னதாக, கூர்மையாக மஞ்சள் ஒளி எழும். மற்றதெல்லாம் கருமைதான், ஆனாலும் உருவம் முழுசாகத் தெரியும். அப்புறம் ஏரியிலிருந்து ஏறி வருகிற எருமை. ஈரம் காயாத முதுகில் வானமே நீலமாகப் படிந்திருக்கும், அரை மணி நேரம் கழித்துப் பார்த்தால் அதே முதுகு மங்கிய பழுப்புச் சாம்பல். மாடு அதேதான், மேற்பரப்புதான் மாறியிருக்கிறது. மூன்றாவது, பழைய குடைத் துணி. வெயிலில் விரித்தால் எங்குமே பளீர் புள்ளி இருக்காது, கம்பிக்குக் கம்பி நடுவே அகலமாக, மெதுவாக வெளிறும், அவ்வளவுதான்.

உன் சிப்பாயிடம் இந்த மூன்றும் இருக்கின்றன, நீ கொடுத்துவைத்தவன்! பிரஷ்ஷைத் தொடுமுன் இந்த இடம் என்ன பொருள் என்று முடிவு பண்ணிக்கொள். எவ்வளவு வெளுக்க வேண்டும் என்ற கேள்வி அப்புறம்தான்.

கால் துணி உறை குடைத் துணி ரகம். முழங்காலுக்குக் கீழே மடிப்பு விழுகிற இடங்களில் மேல் பக்கம் மட்டும், அகலமாக, மெல்லிசாக, நீலம் கலந்த கருஞ்சாம்பல். நடுத்தரச் சாம்பலைத் தாண்டவே தாண்டாதே. இன்னொன்று, அந்த உறைக்கு மேலே வெள்ளைக் கால்சட்டை வருகிறது. வெள்ளைக்குப் பக்கத்தில் வைத்த கருப்பு இருப்பதைவிடக் கருப்பாகத் தெரியும். அதனால் அங்கே அடி நிறத்தையே ஒரு படி வெளிறவைத்துத் தொடங்கு.

தொப்பி வேறு ஜாதி, காய்ந்த எருமை முதுகு ரகம். கரடி ரோமம், அதில் பழுப்பு ஓட வேண்டும். ஒவ்வொரு முடியையும் கோடு போட்டு எடுக்காதே, முடிக் கற்றைகளாகப் பார்த்து, கற்றையின் நுனியில் மட்டும், முடி போகிற திசையிலேயே, பழுப்பு ஓடுகிற சாம்பலைத் தொட்டுவிடு. பெயின்டைத் துடைத்துவிட்ட காய்ந்த பிரஷ்ஷால் மேலே தேய்த்து ட்ரை பிரஷ் பண்ணினால் வேலை சீக்கிரம் முடியும்தான், ஆனால் ரோமத்தின் மேல் மாவு தூவியது போல ஆகிவிடும். நான் ரோமத்துக்கு ட்ரை பிரஷ்ஷைச் சிபாரிசு செய்ய மாட்டேன்.

தோட்டாப் பெட்டிதான் இந்த உருவத்திலேயே எனக்குப் பிடித்த இடம். மெருகேற்றிய தோல், எண்ணெய் பூசிய மூலவர் ரகம், நடுவில் பித்தளைக் கழுகு. இங்கே நீ தைரியமாக இருக்கலாம். மூடியின் மேல் விளிம்பிலும் இரண்டு மூலையிலும் கிட்டத்தட்ட வெள்ளை வரை போ, ஆனால் மயிரிழை அகலம்தான், அதை ஒட்டியே உடனே முழுக் கருப்பு வந்துவிட வேண்டும். இடையில் சாம்பலைக் குழைத்துக் குழைத்து இறக்கினால் தோல் துணியாகிவிடும். ஷூவும் தோல்தான், ஆனால் போர்முனையில் நடந்த ஷூ, அதற்குப் பளபளப்பு வேண்டாம். சிப்பாய் நிற்கிற தரை என்ன நிறமோ அந்தப் புழுதியை நுனியில் கொஞ்சம் ஏற்று.

நிறக் கலவைக்கு வா. கருப்போடு வெறும் வெள்ளையைச் சேர்த்தால் சுண்ணாம்பு பூசிய மாதிரி ஒரு நீலச் சாம்பல்தான் கிடைக்கும். வெள்ளைக்குப் பதிலாகத் தந்த நிறமோ, நீ முகத்துக்குப் பயன்படுத்திய தோல் நிறமோ சேர். வெளிநாட்டு பெயின்ட் பாட்டில் வாங்குவதானால் வல்லேஹோவின் ஜெர்மன் கிரே, தமியாவின் நேட்டோ பிளாக் எக்ஸ்எஃப்-69, இரண்டில் ஒன்று போதும், அதை அடி நிறமாக வைத்துக்கொள். காசு செலவு வேண்டாம் என்றால் கேமல் அக்ரிலிக்கில் அல்ட்ராமரைன் நீலமும் பர்ன்ட் அம்பர் பழுப்பும் வாங்கிக் கலந்து பார், நல்ல ஆழமான கருமை வரும். நீலத்தைக் கூட்டினால் கால் உறை, அம்பரைக் கூட்டினால் தொப்பி. சுத்தக் கருப்பைக் கடைசி வரை திறக்காதே, வாருக்கு அடியில், மூடிக்குக் கீழே, மடிப்பின் ஆழத்தில் கோடாக இழுக்க மட்டும் அது. இன்னொரு காரணமும் உண்டு. நிஜ ஆளை வெகு தூரத்தில் நின்று பார்த்தால் இடையிலுள்ள காற்றே கருப்பைக் கொஞ்சம் வெளிறவைத்துவிடும், இத்தனை சின்ன உருவத்தில் சுத்தக் கருப்பை அப்படியே அடித்தால் அது கண்ணுக்குத் தூக்கலாகத் தெரிகிறது.

ஹைலைட் கூடிப்போனால் பதற வேண்டாம். கருப்பில் தண்ணீர் விட்டு நீர்மோர் பதத்துக்குக் கரைத்து, பிரஷ்ஷைத் துணியில் ஒற்றிவிட்டு, மேலே மெல்லிசாக ஒரு கை ஓட்டு. நன்றாகக் காயட்டும், தேவையென்றால் இன்னொரு கை. சிட்டாடலின் நல்ன் ஆயில் என்கிற நீர்த்த கருப்பு பெயின்ட் இருந்தால் அதுவும் இதே வேலையைச் செய்யும். மொத்தத்தில் ஒவ்வொரு கருப்புப் பகுதியிலும் முக்கால் பங்குக்கு மேல் கருமையாகவே நிற்க வேண்டும். சந்தேகம் வந்தால் போனில் கருப்பு-வெள்ளையில் ஒரு படம் எடுத்துப் பார். உன் கிரெனடியரின் கோட்டே கருநீலம், அந்தப் படத்தில் தொப்பியும் பெட்டியும் கோட்டைவிடக் கருப்பாகத் தெரிந்தால் நீ சரியான இடத்தில் இருக்கிறாய்.

வார்னிஷ் விஷயத்தில் மட்டும் நான் சொல்வதைக் கேள். இந்த ஐப்பசி, கார்த்திகை ஈரக் காற்றில் பளபளப்பில்லாத மேட் ஸ்ப்ரே அடிக்கவே அடிக்காதே, வெள்ளையாகப் பூத்துவிடும், மற்ற நிறத்தில் மறைந்தாலும் கருப்பில் அது அப்பட்டமாகத் தெரியும். பிரஷ்ஷால் பூசுகிற அக்ரிலிக் மேட் வார்னிஷ் போதும். அதையும் நன்றாகக் குலுக்கிக்கொள், ஏனென்றால் பளபளப்பைக் குறைக்கிற சிலிக்காத் தூள் அடியில் தங்கியிருக்கும், கட்டியாக வந்தால் அதுவும் வெள்ளைப் படலம்தான். உறைக்கும் தொப்பிக்கும் மேட். பெட்டிக்கு அரைப் பளபளப்பான சாட்டின், முழுப் பளபளப்பான கிளாஸ் வேண்டாம். கிளாஸ் போட்டால் அறை விளக்கின் உண்மை ஒளி பெட்டியில் எங்கெங்கோ விழுந்து, நீ பாடுபட்டு வரைந்த ஒளியோடு மோதும்.

மழை விட்டதும் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை முதல் பஸ்ஸில் வந்துவிடு, தங்கச்சியையும் கூட்டிவா. கடற்கரைச் சாலையில் காலை ஏழரை வரை வண்டி விடமாட்டார்கள், காந்தி சிலை பக்கம் நிம்மதியாக நிற்கலாம். செஞ்சியிலிருந்து கொண்டுவந்த அந்தக் கல் தூண்களுக்கு நடுவே கருத்து நிற்கிற சிலையில், சூரியன் கடலிலிருந்து ஏற ஏற எந்த விளிம்பு முதலில் வெளுக்கிறது என்று பார்க்கலாம். சிப்பாயை டப்பாவில் பஞ்சு வைத்துக் கொண்டுவா. தோட்டாப் பெட்டிக்கு மட்டும் இப்போது வார்னிஷ் போடாமல் வை, அந்த மேல் விளிம்பை இன்னும் ஒரு படி ஏற்றலாமா என்று பகல் வெளிச்சத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொள்வோம்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுத் தோழன்