அம்மாவுக்கு, தம்பி வாசித்துக் காட்ட

வேக்ஃபீல்டு,
இங்கிலாந்து,
ஆகஸ்ட் 2025, ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள அம்மா,

நான் நலம். போனில் பேசினால் நீ சாப்பிட்டாயா என்று கேட்க, நான் சாப்பிட்டேன் என்று சொல்ல, என்ன குழம்பு என்று நீ கேட்கிற நேரத்தில் லைன் போய்விடுகிறது, அதோடு அந்த வாரம் முடிந்துவிடுகிறது. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். தம்பி, இதை அம்மாவுக்குச் சத்தமாக வாசித்துக் காட்டு, ஒரு வரி விடாமல். பக்கத்து வீட்டு மதினி வந்து உட்கார்ந்தால் உட்காரட்டும். ஒரே ஒரு இடத்தில் தாண்டு என்று எழுதியிருப்பேன், அங்கே மட்டும் தாண்டிவிடு.

என்ன குழம்பு என்றால், இன்றைக்கு அயிலை மீன் குழம்பு. புளி ஒரு சுளைதான் போட்டேன், மீதிப் புளிப்பு முழுக்க ஒரு செடியின் தண்டிலிருந்து வந்தது. மிளகாயில் இரண்டு, நானே வளர்த்த செடியில் பழுத்தது. ஆமாம், தோட்டம் போட்டிருக்கிறேன். சிரிக்காதே. மிளகாய்ப் பழம் எடுக்கக் கொல்லைக்குக் கூப்பிட்டால் வயிற்றுவலி என்று சுருண்டு படுத்துக்கொண்ட அதே பிள்ளைதான். மழை பொய்த்த வருஷம் அப்பா வரப்பில் பேச்சில்லாமல் உட்கார்ந்திருந்ததைப் பார்த்த நாளிலிருந்து எனக்கு மண் என்றாலே ஆகாது, அது உனக்கும் தெரியும். மண்ணைத் தொடாமல் பிழைக்க வேண்டும் என்றுதானே இந்தப் படிப்புக்கே போனேன்.

(தம்பி, இந்தப் பத்தியைத் தாண்டு.) 2023 ஐப்பசியில் இங்கே வந்து இறங்கினேன். ஏஜெண்டு சொன்ன வேலை நேரத்தில் பாதிகூட முதல் மூன்று மாதம் கிடைக்கவில்லை, வட்டி மட்டும் நாள் தவறாமல் ஓடியது. மார்கழியில் இங்கே பிற்பகல் மூன்றே முக்காலுக்கெல்லாம் சூரியன் விழுந்துவிடும், காலையில் எட்டு மணி தாண்டித்தான் எட்டிப் பார்க்கும். போகும்போதும் இருட்டு, வரும்போதும் இருட்டு. வெயிலை வைதுகொண்டே வளர்ந்தவள் ஒருநாள் பஸ் ஸ்டாப்பில் நின்று வெயிலுக்காக அழுதேன். அம்மா கட்டிக் கொடுத்த கருவாட்டைப் பொரித்தால் வீட்டில் இருக்கிற மற்றவர்கள் என்ன சொல்வார்களோ என்று, ராத்திரி பொட்டலத்தைப் பிரித்து மோந்து பார்த்துவிட்டு மறுபடி கட்டி வைப்பேன். திரும்பி வந்துவிடலாம் என்று இரண்டு தடவை பெட்டியை எடுத்து வைத்தேன். இதெல்லாம் முடிந்துபோன கதை, கடனும் பாதிக்கு மேல் அடைத்தாயிற்று. சரி, இனி வாசி.

நான் வேலை பார்க்கிற முதியோர் இல்லத்தில் ஒரு பாட்டி இருக்கிறார். ஞாபகம் பெரும்பாலும் போய்விட்டது. அவருடைய வீட்டுக்காரர் தினம் மூன்று மணிக்கு வந்து பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொள்வார், ஐந்து மணிக்குத் தொப்பியை எடுத்துக்கொண்டு போவார். நான் அவரைத் தாத்தா என்றுதான் எழுதப் போகிறேன், பெயர் வேண்டாம். அவர் என்னை 'லவ்' என்று கூப்பிடுவார். தம்பி, கண்டதையும் நினைக்காதே, யார்க்‌ஷயரில் பஸ் டிரைவர் முதல் காய்கறிக்காரம்மா வரை எல்லாரையும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள், நம்ம ஊரில் 'ஆத்தா' என்பது மாதிரி.

அந்த முதல் வருஷம் மாசி மாதம் வாக்கில் தாத்தா ஒரு செய்தித்தாளில் சுற்றி ஏதோ கொண்டுவந்தார். பிரித்தால் கீரைத்தண்டு மாதிரி, ஆனால் என் பெருவிரலைவிட மொத்தமாக, ரோஸ் நிறத்தில் பளபளவென்று பத்துத் தண்டு. ருபார்ப் என்றார். சமையலறையில் சர்க்கரை போட்டு வேகவைத்து, கஸ்டர்டு ஊற்றிக் கொடுத்தோம். நான்கு நாளாக வாயைத் திறக்காத பாட்டி கிண்ணம் காலியாகும் வரை சாப்பிட்டார். நான் ஒரு துண்டைப் பச்சையாகக் கடித்துப் பார்த்தேன், கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, அம்மா, மாங்காய்ப் புளிப்பும் புளியங்காய்ப் புளிப்பும் சேர்ந்தாற்போல. (இலையை மட்டும் தின்னக்கூடாது, விஷம். தண்டு மட்டும்தான்.)

அது எப்படி விளைகிறது என்று தாத்தா சொன்னபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வேக்ஃபீல்டு, மோர்லி, ராத்வெல் இந்த மூன்று ஊருக்கு நடுவே இருக்கிற இடத்தையே ருபார்ப் முக்கோணம் என்கிறார்கள். கிழங்கை இரண்டு வருஷம் வயலில் தண்டு பறிக்காமல் வளர விடுவார்களாம். குளிர் வந்து உறைபனி பட்டதும் தோண்டி எடுத்து, ஜன்னல் இல்லாத, சூடு போட்ட நீளமான கொட்டகைக்குள் நெருக்கி அடுக்கிக் கதவைச் சாத்திவிடுவார்களாம். கும்மிருட்டில், சேர்த்துவைத்த சத்தையெல்லாம் கொண்டு தண்டு விறுவிறுவென்று கிளம்பும். பறிக்கும்போதும் மெழுகுவர்த்தி வெளிச்சம்தான், ஏனென்றால் வெளிச்சம் பட்டால் தண்டு கெட்டியாகிவிடும். தாத்தா சின்னப் பையனாக அந்தக் கொட்டகையில் வேலை பார்த்தவர். சத்தம் போடாமல் நின்றால் மொட்டு விரிகிற 'டப்' 'டப்' என்ற ஓசை காதில் விழும் என்றார். கம்பளி மில்லில் கழித்துப் போட்ட கம்பளிக் கழிவுதான் வயலுக்கு உரமாம்.

நான் அவருக்குப் பனங்கிழங்கு கதை சொன்னேன். ஆவணி புரட்டாசியில் பனம்பழக் கொட்டையைப் பொறுக்கி, மணல் பாத்தியில் அடுக்கி, மண்ணைப் போட்டு மூடிவிட்டு, தையில் பொங்கலுக்குத் தோண்டுவோமே, அதை. அதுவும் இருட்டில் வளருவதுதான், அதுவும் குளிர்காலச் சாப்பாடுதான். அவர் பனைமரத்தைப் பார்த்ததில்லை. போனில் நரிப்பையூர்ப் பக்கத்துப் பனங்காட்டைக் காட்டினேன். இதில் ஏறுவார்களா என்று கேட்டார். என் அப்பா ஏறுவார் என்றேன். எழுந்து நின்று தொப்பியைக் கழற்றினார், அம்மா. அப்பாவிடம் இதைச் சொல். பதநீர் இறக்குகிற ஆளுக்கு நம்ம பக்கத்தில் யாரும் எழுந்து நின்று நான் பார்த்ததில்லை.

இப்படி ஆரம்பித்ததுதான். அவருக்கு நகராட்சித் தோட்டத்தில் ஒரு பங்கு இருக்கிறது. இங்கே ஊருக்கு ஊர் அப்படி உண்டு, வீட்டில் இடமில்லாதவர்களுக்கு நகராட்சியே நிலம் ஒதுக்கி வருஷ வாடகைக்குக் கொடுக்க வேண்டும் என்று 1908-இல் சட்டமே போட்டிருக்கிறார்கள். முழுப் பங்கு என்றால் சுமார் 250 சதுர மீட்டர், நம்ம கணக்கில் ஆறு சென்ட். தாத்தாவுக்கு முட்டி போய்விட்டது, பாதிப் பங்கு செந்தட்டி மாதிரி ஒரு செடி மண்டிக் கிடந்தது, தொட்டால் அரிப்பு. நீ வேண்டுமானால் இந்தப் பாதியைக் கொத்திக்கொள் என்றார். கையுறை கொடுத்தார், அது எனக்குச் சேரவில்லை. நீ பாசி எடுக்கக் கடலுக்குள் போகும்போது விரலுக்கு விரல் துணி சுற்றிக்கொள்வாயே, அதேபோல் பழைய துணியைக் கிழித்துச் சுற்றிக்கொண்டு பிடுங்கினேன். மண் பச்சைக் களிமண், மழை பெய்தால் செருப்பை வாங்கிக்கொண்டுவிடும். கொத்த ஆரம்பித்தால் நெஞ்சு மட்டும் சிவந்த ஒரு குருவி வந்து மண்வெட்டிக்கு ஒரு முழம் தள்ளி நின்றுகொள்ளும், புழுவுக்காக. அங்கே ஏர் பின்னால் மைனாவும் கொக்கும் வருமே. இது ஒண்டியாக வரும், கொஞ்சம்கூடப் பயமில்லை.

முதல் வருஷம் விதைத்தது முழுக்கப் போயிற்று. நீ கொடுத்துவிட்ட குண்டு மிளகாய் வற்றலை உடைத்து விதை எடுத்து, ஜன்னலோரம் முளைக்க வைத்து, சித்திரை வெயிலைப் பார்த்து ஏமாந்து வெளியே நட்டுவிட்டேன். ஒரு ராத்திரி உறைபனி. காலையில் அவித்த கீரை மாதிரி படுத்துக் கிடந்தன, முப்பத்திரண்டு நாற்றும். மே பாதி தாண்டாமல் நடாதே என்று தாத்தா சொல்லியிருந்தார், நான்தான் கேட்கவில்லை. இந்த வருஷம் அவருடைய கண்ணாடிக் குடிலுக்குள் வைத்து ஆறு செடி. ஐந்து பிழைத்து, உருண்டு உருண்டு காய்த்திருக்கிறது. ராமநாதபுரம் குண்டு மிளகாய்க்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்ததைச் சொன்னேன். யார்க்‌ஷயர் ருபார்ப்புக்கும் ஐரோப்பாவில் அப்படி ஒன்று 2010-இலேயே கொடுத்திருக்கிறார்களாம், அப்படியானால் நான்தான் மூத்தவன் என்கிறார்.

வீட்டுக் கதையைச் சொல்ல வேண்டும். மிளகாயைத் தாளித்தபோது புகை மணி அலறி, குடியிருக்கிற ஐந்து பேரும் ராத்திரி ஒன்பது மணிக்கு வீட்டுச் செருப்போடு தெருவில் நின்றோம், எல்லாருக்கும் இருமல். நான் செத்தேன் என்று நினைத்தேன். ஜிம்பாப்வேயிலிருந்து வந்த அக்கா ஒருவர் இருமிக்கொண்டே, உள்ளே என்ன சமைக்கிறாய், எனக்கு வைப்பாயா என்று கேட்டார். அன்றிலிருந்து இரண்டு பேரும் ஒரே அடுப்பு. அவர் மக்காச்சோள மாவில் 'சட்சா' என்று ஒன்று கிண்டுவார், அது நம்ம களியேதான், கையால் உருட்டிக் கீரையைத் தொட்டுச் சாப்பிடுவார்கள். கருவாட்டுக் குழம்பைத் தொட்டுச் சாப்பிட்டார், அப்புறம் பொட்டலத்தை அவரிடமிருந்துதான் ஒளித்துவைக்க வேண்டியிருந்தது. தோட்டத்தில் பூசணி போட்டோம், எனக்குக் காய், அவருக்கு இலை. பூசணி இலையை உரித்து நிலக்கடலை மாவு போட்டுக் கடைவார், வந்தால் உனக்குச் செய்து காட்டுகிறேன்.

ருபார்ப் குழம்பு நீ செய்ய முடியாது, ஆனால் தெரிந்துகொள். தண்டை நறுக்கி, ஒரு கை தண்ணீரில் போட்டால் ஐந்து நிமிஷத்தில் கரைந்து கூழாகிவிடும், ஊறவைக்க வேண்டாம், பிழிய வேண்டாம். புளி மாதிரி கறுப்பாக வராது, குழம்பு கொஞ்சம் வெளிறித்தான் இருக்கும். கடைசியில் சுண்டைக்காய் அளவு கருப்பட்டி போட்டால் சரியாகிவிடுகிறது. மீன் லீட்ஸ் சந்தையில் வாங்குகிறேன், அங்கே மீனுக்கென்றே ஒரு வரிசைக் கடை உண்டு.

இப்போது பெரிய கதை தண்ணீர்தான். இந்த வருஷம் இங்கிலாந்தில் நூறு வருஷத்துக்கு மேல் பார்க்காத வறண்ட வசந்தகாலம். ஜூலை 11-இலிருந்து யார்க்‌ஷயரில் ஹோஸ் பைப் போட்டுத் தோட்டத்துக்குத் தண்ணீர் விடக்கூடாது என்று தடை. பூவாளியில் மொண்டு ஊற்றலாம், அவ்வளவுதான். தோட்டத்துக்காரர்கள் எல்லாம் துக்க வீடு மாதிரி நின்றார்கள். எனக்கு உள்ளுக்குள் சிரிப்பு. எட்டுக் குடம் வைத்த தள்ளுவண்டியை உவர் மணலில் தள்ளி, ஊற்றில் சிரட்டையால் மொண்டு வளர்ந்தவளிடம் தண்ணீர் இல்லை என்கிறார்கள். தென்னங்கன்றுக்குப் பக்கத்தில் நீ ஓட்டைப் பானை புதைப்பாயே, அதை இங்கே செய்தேன். பூச்செடிக்கு விற்கிற மண்தொட்டி கிடைக்கிறது, அடி ஓட்டையைக் கார்க்கால் அடைத்து, கழுத்து வரை புதைத்து, தண்ணீர் நிரப்பி, மேலே ஒரு தட்டைப் போட்டு மூடினேன். மண்சுவர் வழியாகக் கசிந்து வேருக்குப் போகிறது. செடியடியில் காய்ந்த புல்லை மெத்தையாகப் பரப்பினேன். பாத்திரம் கழுவுகிற தண்ணீர் பூசணிக்கு. தாத்தா முதலில் நம்பவில்லை. பத்து நாள் கழித்து மண்ணைக் கிளறி ஈரம் பார்த்துவிட்டு, பக்கத்துப் பங்குக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினார். போன ஞாயிறு நான் போனால் ஏழு பேர் ஆளுக்கொரு தொட்டியோடு நிற்கிறார்கள், எங்கே புதைப்பது, எத்தனை நாளைக்கு ஒருமுறை நிரப்புவது என்று கேட்டுக்கொண்டு. எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொன்னேன். யார் சொல்லிக் கொடுத்தது என்று ஒரு அம்மா கேட்டார். என் அம்மா என்றேன். படம் இருக்கிறதா என்றார், நீ முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு கண்ணைச் சுருக்கி நிற்கிற அந்தப் படத்தைக் காட்டினேன்.

அங்கே கச்சான் காற்று அடித்து வீட்டுக்குள் மணல் ஏறிக்கொண்டிருக்கும். அப்பாவை மத்தியானம் வெளியே போக விடாதே. நான் தையில் வருகிறேன், மூன்று வாரம் லீவு எழுதிக் கொடுத்துவிட்டேன். இந்த ஆவணியில் கிழங்குப் பாத்தி போடும்போது ஐம்பது கொட்டை கூடப் போடு. அவித்து, கீறி, நன்றாகக் காயவைத்து மாவாக இடித்துத் தா, தாத்தாவுக்குக் கொண்டுவர வேண்டும், பச்சைக் கிழங்கை இங்கே விடமாட்டார்கள்.

தம்பி, நீ எந்தப் பத்தியைத் தாண்டினாய் என்று அம்மா எப்படியும் கண்டுபிடித்துவிடும், உன் குரலே காட்டிக்கொடுக்கும். அப்படிக் கேட்டால் வாசித்துவிடு. கருவாட்டு விஷயத்தை மட்டும் முதலில் வாசி.

உன் மகள்